தேர் நிற்கும் இடங்களில்

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
15.9.2023

அன்புள்ள சிஸ்டர் அமலிக்கு அண்ணி சகாயசெல்வி எழுதுவது.

இங்கே நான், உங்கள் அண்ணன், ஜெர்லின் மூன்று பேரும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தை நீங்கள் தேய்த்துக்கொண்டீர்களா, வழக்கம்போல வயதான சிஸ்டர் யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம்.

ஊரே போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் நாத்தனாருக்குத் தபால் எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்று தபால்காரர் பிரேம்குமார் சிரிக்கிறார். கார்மேல் மடத்துக்குள் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் அதுவும் கிடையாது என்று எத்தனை தடவைதான் அவருக்குச் சொல்வது.

ஆகஸ்டு மாதா திருநாள் பவனியில் ஒன்று நடந்தது. தேர் கடைத்தெரு திரும்பும்போது கிளாரினெட் நின்றுவிட்டது. டிரம்பெட் கேட்கிறது, டிரம் கேட்கிறது, அது மட்டும் இல்லை. எத்தனை பேர் சேர்ந்து வாசித்தாலும் உங்கள் அண்ணன் வாசிப்பது எனக்குத் தனியாகக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓரமாக நிற்கிறார். ரீடு உடைந்துவிட்டதாம். ரீடு என்பது ஊதுகிற இடத்தில் கட்டியிருக்கும் நாணல் பட்டை. உங்களுக்குத் தெரியும், மதருக்காக எழுதுகிறேன். மறுநாள் பெட்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். ரீடு முழுசாக இருந்தது.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். சாப்பிடும்போது காதுக்குப் பக்கத்தில் டக் டக்கென்று ஒரு சத்தம். “அப்பா, உங்க தாடை டைப் அடிக்குது” என்று ஜெர்லின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காது வலி என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார். சேதராப்பட்டு கம்பெனி பஸ் குலுக்குகிற குலுக்கலில் வந்ததாம். இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் தள்ளுகிறார். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் செபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி செல்வி

*

கார்மேல் மடம்
6.10.2023

சேசுவுக்குள் அன்பான அண்ணிக்கு,

எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும். தைலத்தைச் சிஸ்டர் மோனிக்காவுக்குத்தான் கொடுத்தேன். அவர் முழங்கால் என்னுடையதைவிட மூத்தது. மதர் உங்கள் வணக்கத்தைப் பெற்றுக்கொண்டார். ரீடு பற்றி விளக்கியதற்கு நன்றி சொல்லச் சொன்னார்.

சின்ன வயதிலேயே அண்ணன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். அப்பா பக்கத்துப் பாயிலிருந்து தலையணையை விட்டெறிவார். காலையில் கேட்டால் நானா என்பார். வலிக்கிறதா என்றாலும் எனக்கா என்பார். ஆகவே அவர் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். காதுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாயிற்று. பல் டாக்டரிடம் போய்ப் பாருங்கள். எங்கள் சிஸ்டர் ஒருவருக்கு இதே டக் டக் இருந்தது, தாடை மூட்டு என்றார்கள்.

இன்னொன்று. அண்ணன் வீட்டில் பேசுகிறாரா? அதை எழுதவில்லையே.

ஜெர்லினுக்கு என் முத்தம். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதற்கும் இடம் வைக்கவும்.

சேசுவுக்குள் உங்கள்,
அமலி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
24.10.2023

அன்புள்ள சிஸ்டருக்கு,

நலம், நலமே வேண்டும். நீங்கள் சொன்னபடி பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ஃபரீஹா, சின்னப் பெண், நம் ஜெர்லினுக்கு அக்கா மாதிரி இருக்கிறாள். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னாள். பிறகு, அவர் விரலையே நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னாள். மூன்று விரல் போக வேண்டுமாம். இவருக்கு ஒன்று போனது, இரண்டாவது பாதியில் நின்றது.

“காதுல ஒன்னுமில்ல சார். காதுக்கு முன்னாடி கீல் மாதிரி ஒரு மூட்டு இருக்கு. அதுக்குள்ள இருக்கிற மெத்தை நகர்ந்து நகர்ந்து வருது, அதான் சத்தம். நீங்க என்ன வேல பாக்கறீங்க?” என்று கேட்டாள். கம்பெனி என்றார். கிளாரினெட் வாசிப்பார் என்று நான்தான் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கிளாரினெட்டுக்குக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி ரீடைத் தாங்க வேண்டும் அல்லவா. இத்தனை வருடம் தாங்கினதில் மூட்டு களைத்துப் போயிருக்கிறது. நடந்துகொண்டே வாசிப்பதுதான் ரொம்பக் கெடுதலாம். ஒவ்வொரு அடிக்கும் வாத்தியம் குதிக்கிறது, குதிக்காமல் இருக்கத் தாடை கவ்விப் பிடிக்கிறது. உட்கார்ந்து வாசித்தால் அதை முட்டியில் முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம், பாரம் குறையும் என்றாள்.

இப்போதைக்கு வாசிக்கவே கூடாது. தூங்கும்போது மேல்பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. காதுப் பக்கம் வெந்நீர் ஒத்தடம். முறுக்கு, கறி, கடலை கிடையாது. கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கை முட்டி. சும்மா இருக்கும்போது உதடு சேரணும், பல் சேரக்கூடாது. அதை எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னாள். ஒட்டியிருக்கிறேன். ஜெர்லின் அதன் கீழே “அம்மாவுக்கு உதடும் சேராது” என்று எழுதி வைத்திருக்கிறாள்.

பேண்டு நடத்துகிற பிரான்சுவா மிசேயிடம், கம்பெனியில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறார். பேசுகிறாரா என்று கேட்டீர்கள். தாடைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ரொம்ப நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து மசித்து மசித்து மணிக்கட்டு மட்டும் கொஞ்சம்.

அன்புடன்,
அண்ணி செல்வி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
30.11.2023

அன்புள்ள சிஸ்டருக்கு,

சுகம்தானே? ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்கிவிடும், கடிதம் உங்கள் கைக்கு வராது. அதற்குள் சேரட்டும் என்று அடுப்பில் உலை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கொஞ்சம் தேவலை. டாக்டர் ஒரு நாளைக்குச் சிறிது நேரம் வாசிக்க அனுமதித்தாள். முன்னைவிட மெல்லிசான ரீடு, அதற்கு அவ்வளவு கடிக்க வேண்டாம். பாரத்தைக் கழுத்து தாங்கும்படி ஒரு பட்டை. கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். வாசிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மெல்லிசு ரீடில் வரும் சத்தம் காய்ச்சல்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் சொன்னால் உனக்கென்ன தெரியும் என்பார்.

சிஸ்டர், ஒரு சந்தோஷமான சங்கதி. போன வாரம் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன். தாயே, இவர் தாடையை நேராக்கிக் கொடு. மே மாதம் நம் பங்குத் தேர்பவனியில், கோயில் வாசலில் தொடங்கித் திரும்பக் கோயில் வாசல் சேரும்வரை உன் தேருக்கு முன்னால் நடந்தபடியே இவர் வாசிப்பார் என்று. மெழுகுத்திரி ஏற்றுவது எல்லாரும் செய்வதுதானே. நம்மிடம் இருப்பதில் பெரிசு அவர் வாசிப்பு, அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று பட்டது. எழுந்தபோது மனசு இறகு மாதிரி இருந்தது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. குணமான பிறகு சொன்னால் மகிழ்வார்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள் உங்களுக்கும் மதருக்கும் எல்லாச் சிஸ்டர்களுக்கும்.

அன்புடன்,
அண்ணி செல்வி

*

கார்மேல் மடம்
28.12.2023

சேசுவுக்குள் அன்பான அண்ணிக்கு,

பிறந்த பாலன் உங்கள் வீட்டிலும் தங்கட்டும். இங்கே குளிர். குடிலில் வைத்த ஆட்டுக்குட்டியின் காதை எலி தின்றுவிட்டது, சிஸ்டர் மோனிக்கா மாவு பிசைந்து ஒட்டினார். நீங்கள் அனுப்பிய கல்கல் பலகாரம் நொறுங்காமல் வந்து சேர்ந்தது.

அண்ணன் மெல்ல மெல்ல வாசிப்பது பற்றி மகிழ்ச்சி. டாக்டர் சொல்வதை மீற விடாதீர்கள்.

அந்த நேர்ச்சையை அவரிடம் சொன்னீர்களா?

சேசுவுக்குள் உங்கள்,
அமலி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
22.1.2024

அன்புள்ள சிஸ்டருக்கு,

நாங்கள் நலம். பொங்கலுக்குப் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அவ்வளவு நிறையப் பொங்கியது.

கிறிஸ்மஸ் பூசையில் உங்கள் அண்ணன் கோயில் மாடியில் பாடகர்களோடு உட்கார்ந்து வாசித்தார். ஒரு பாட்டு வாசிப்பது, அடுத்த பாட்டுக்குச் சும்மா இருப்பது. பூசை முடிந்து பிரான்சுவா மிசே வந்தார். பாரிஸ் பென்ஷன் வாங்குகிற பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, எதையும் கட்டளை மாதிரிதான் சொல்வார். “அருள், ஒனக்கு ஷிப்டும் இல்ல ஒரு எழவும் இல்ல. தாடைன்னு எனக்கு எப்பவோ தெரியும். மேல உக்காந்து வாசி. நடக்கறதுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்” என்றார். எனக்குக் கோபமாக வந்தது. இவர் என்னவோ பாரம் இறக்கி வைத்த மாதிரி நின்றார்.

இப்போது வாயில் இரண்டு விரல் நன்றாகப் போகிறது. மூன்றாவது நகம்வரை. மீன் குழம்பில் வஞ்சிரம் போட்டால் சாப்பிடுகிறார். டக் டக் சத்தம் சில நாள் இல்லவே இல்லை. மாதா கேட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜெர்லினுக்கு நர்சிங் பரீட்சை நெருங்குகிறது. பக்கத்து வீட்டு ஹேமலதாவின் கிணற்றில் பூனை விழுந்து எடுத்தார்கள். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணி செல்வி

*

கார்மேல் மடம்
11.2.2024

சேசுவுக்குள் அன்பான அண்ணிக்கு,

பூனை பிழைத்ததில் மகிழ்ச்சி. நான் கேட்டது வேறு.

புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலம் தொடங்குகிறோம். அதற்குப் பிறகு வரும் கடிதங்களை மதர் பெட்டியில் போட்டு வைத்து, உயிர்ப்பு ஞாயிறன்றுதான் தருவார். நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். படிக்கப்படாத கடிதமும் கடிதம்தான்.

நான் இங்கே துறவற வார்த்தைப்பாடு கொடுத்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பு ஒரு சாமியாரை அனுப்பி என்னைத் தனியறையில் விசாரித்தார்கள். அம்மா கூடவே உள்ளே வந்தார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, ‘இது உன் வாயிலிருந்து வருகிறதா, உனக்காக வேறு யாராவது பேசுகிறார்களா?’ என்று சாமியார் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லாமல் எதுவும் நடக்காது என்றார். அம்மா வெளியே நின்று கடைசிவரை முணுமுணுத்தார்: “பெத்தவ பேசினா ஆகாதாமா.”

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் மெல்லிசு ரீடைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சேசுவுக்குள் உங்கள்,
அமலி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
9.3.2024

அன்புள்ள சிஸ்டருக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, எழுதிவிட்டேன்.

இதை நீங்கள் இப்போது படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த வாரமே. அவர் சாப்பிட்டுக்கொண்டே, மே மாதப் பவனிக்கு நான் நடக்கவில்லை, பந்தலில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன், மிசேயிடம் சரி என்று சொல்லிவிட்டேன் என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் முகம் தெளிவாக இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். “அது முடியாது, நீங்க நடந்துதான் ஆவணும், நான் மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன்” என்றேன்.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

“யார் வாயை வச்சி?” என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் நானும் பேசியிருப்பேன். மறுநாள் கம்பெனி விட்டு வந்ததும் பழைய கெட்டி ரீடை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே வாசித்தார். தினமும். மெல்லிசு ரீடு நடக்கும்போது கேட்காதாம். நான் தடுக்கவில்லை, சிஸ்டர். கீழே நின்று ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். பழைய சத்தம் திரும்ப வந்துவிட்டது என்று ஒருபக்கம் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் தெரு செல்வாம்பாள் அக்காவின் அடக்கம். கோயிலில் இருந்து கல்லறைவரை பேண்டு. நானும் நடக்கிறேன் என்று போனார். பாதி வழியில் தாடை பிடித்துக்கொண்டது. திறக்கவும் இல்லை, முழுசாக மூடவும் இல்லை. டாக்டர் ஃபரீஹா ரொம்ப நேரம் அழுத்தி விட்டாள். “எல்லாம் சரியா வந்துகிட்டு இருந்ததே சார், யார் உங்கள நடந்து வாசிக்கச் சொன்னது?” என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வார்த்தையைத் தேடித்தேடி, கம்பெனி பஸ் என்றார். குலுக்கல் என்றார்.

இதுக்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்புடன்,
செல்வி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
குருத்து ஞாயிறு, 24.3.2024

சிஸ்டர்,

இன்று பூசையில் நன்மை அப்பம் வாங்க எனக்கு முன்னால் அவர் நின்றார். எப்போதும் நாக்கில்தான் வாங்குவார். இன்று கையை நீட்டினார். அப்பத்தை வாய்க்குள் வைக்கும் அளவுக்குத்தான் உதடு விலகியது. குருத்தோலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு விரலால் உள்ளே தள்ளினார்.

மாதா சுரூபம் இருக்கும் பக்கம் நான் பார்க்கவில்லை.

கிளாரினெட் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கஞ்சி, கூழ், மறுபடி கஞ்சி. வீட்டில் மிக்ஸி சத்தம் மட்டும்தான். அவர் பேசாமல் இருப்பது வலியினாலா, என்னாலா என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அலுப்பாக இருக்கிறது. எங்கள் தெரு அன்பியக் குழுவின் கணக்கை வேறு இந்த வாரம் ஒப்படைக்க வேண்டும்.

செல்வி

*

கார்மேல் மடம்
உயிர்ப்பு வாரம், 2.4.2024

சேசுவுக்குள் என் அன்பான அண்ணி,

அல்லேலூயா. உயிர்ப்பு ஞாயிறு காபி நேரத்தில் மதர் உங்கள் இரண்டு கடிதங்களையும் கையில் கொடுத்தார். அவர் முன்பே படித்திருந்தார். தவக்காலம் என்று பார்க்காமல் கொடுத்திருக்கலாமோ என்று யோசித்தேன், கொடுக்கவில்லை, மன்னித்துக்கொள் என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பங்குச் சாமியாரிடம் போங்கள். நேர்ச்சையை மாற்றித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. இன்னொருவர் உடம்பை வைத்து நேர்ந்தது அந்த உடம்பைக் கட்டாது என்று அவரே சொல்வார். நீங்கள் மாதாவிடம் வைத்திருப்பது கணக்கு இல்லை அண்ணி, அவள் உங்களிடம் வட்டி கேட்டு வரப்போவதில்லை. அப்படியும் கொடுத்தே தீர வேண்டும் என்றால் உங்கள் கையில், உங்கள் காலில், உங்கள் தோளில் இருப்பதைக் கொடுங்கள்.

பிறகு வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லுங்கள். பதில் எதிர்பார்க்காமல் சொல்லுங்கள்.

கீழே இருப்பதை அவருக்குப் படித்துக் காட்டவும்: அண்ணா, நீ வாசிக்காவிட்டாலும் நான் உன் தங்கைதான். பஸ் மேல் பழி போட்டது தெரியும். பஸ் பாவம்.

எப்போதும் உங்களுக்காக வேண்டும்,
அமலி

*

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
15.5.2024

அன்புள்ள அமலிக்கு,

இந்த முறை சிஸ்டர் என்று எழுத வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன், மதர் பொறுத்துக்கொள்ளட்டும். நாங்கள் மூவரும் நலம். இதைப் பழக்கத்தில் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே சாமியாரிடம் போனேன். சின்ன வயசு ஃபாதர். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்காரரை இது கட்டாது, நீங்கள் ஒரு மாதம் செபமாலை சொல்லுங்கள் போதும் என்றார். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். உங்களுக்கு ஒரு கட்டும் இல்லை, தப்பு என்னுடையது, நீங்கள் இனிமேல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்றேன். நீ எழுதியதையும் படித்தேன். பஸ் பாவம் என்ற இடத்தில் மூக்கால் சிரித்தார். எழுந்து போய் ஒத்தடத் துணியை வெந்நீரில் நனைத்து அவரே வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

பிறகு ஏப்ரல் முழுக்கத் தகடு, ஒத்தடம், டாக்டர் சொன்ன பயிற்சி. நாக்கை அண்ணத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து மூடுவது. எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டு வந்த அன்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தார். நான் பதறி, வேண்டாமே என்றேன்.

“எனக்கு வாசிக்கணும், செல்வி” என்றார். “ஒன் நேர்ச்சைக்காக இல்ல. எனக்கு.”

அமலி, இத்தனை மாதத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. மாதாவிடம் கேட்டேன், டாக்டரிடம் கேட்டேன், உன்னிடம் கேட்டேன்.

இரண்டு பேரும் டாக்டர் ஃபரீஹாவிடம் போனோம். இந்தத் தடவை அவரே எல்லாம் சொன்னார். கிளாரினெட், பவனி, மொட்டை மாடி. என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், சரி விடுங்க ஆன்ட்டி என்றாள். உட்கார்ந்து, மெல்லிசு ரீடில், ஒரு பாட்டு வாசித்தால் அடுத்த பாட்டுக்கு ஓய்வு. நடக்கும்போது வாயில் வைக்கவே கூடாது என்றாள்.

திரும்பி வரும் வழியில் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். தேர் நேராகப் போய்விடுவதில்லையே, தெருவுக்குத் தெரு மாலை போட நிற்கிறதே, நிற்கும் இடத்தில் உட்கார்ந்து வாசித்தால் என்ன என்றார்.

“தெருவுல எதுல உக்காருவீங்க?”

“நாற்காலில.”

“யார் தூக்கிட்டு வருவா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “நேர்ந்துகிட்டது நீதானே” என்றார்.

பிரான்சுவா மிசே முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “இது பேண்டா, பஞ்சாயத்தா? நாற்காலி போட்டு உக்காந்து தீர்ப்பு சொல்லப்போறியா?” என்றார். இவர் அவர் முன்னால் உட்கார்ந்து, மெல்லிசு ரீடில் ஒரு மாதா பாட்டை வாசித்துக் காட்டினார். மிசே கேட்டு முடித்து, ‘போன், போன்’, நல்லது நல்லது, என்று பிரெஞ்சில் சொல்லித் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பிரெஞ்சு வந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பவனி. முன்னால் பேண்டு, பின்னால் தேர், நடுவில் நான். வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் பேண்டோடு கிளாரினெட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நடந்தார், வாயில் வைக்கவில்லை. தேர் நின்றதும் நான் முன்னால் ஓடி நாற்காலியைப் போடுவேன். அவர் உட்கார்ந்து, முனையை முட்டியில் முட்டுக்கொடுத்து, ஒரு பாட்டு வாசிப்பார். மற்ற வாத்தியம் எல்லாம் தணிந்துவிடும். மெல்லிசு ரீடு சத்தம் கேட்காது என்று பயந்தோம். கேட்க வேண்டும் என்று ஜனம் பேசாமல் நின்றது. எழுந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொள்வேன்.

கேலிக்குக் குறைவில்லை. “என்ன செல்வி, பொண்ணு பாக்கப் போறியா, ஒரே நாற்காலியோட?” என்று ஹேமலதா வாசலில் நின்று கேட்டாள். கடைத்தெருவில், போன வருடம் அவர் நின்றுபோன அதே திருப்பத்தில், நான் நாற்காலியைப் போட்டதும் யாரோ ஒரு பெரியவர் கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. உன் அண்ணன்தான் போய், “ஐயா, ஒரு பாட்டு வாசிச்சிட்டுக் குடுத்துடறேன்” என்றார். கொடுத்தார்.

பாதிக்கு மேல் தோளில் விளிம்பு அறுக்க ஆரம்பித்தது. இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே வந்தேன். ஜெர்லின் வாங்க வந்தாள், கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தேரில் மாதா முகம் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் நின்று, பாரு என்று வாயைத் திறந்து காட்டினார். என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு போகிறது. மூன்றாவது போகவில்லை. டக்கென்று ஒரு சத்தம் இருந்தது. போகப் போகப் பார்க்கலாம் என்றார்.

உன் முழங்காலுக்கு வாங்கிய தைலத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, என் தோளில் அவர்தான் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது, அடுத்த வருடத்துக்கு இதைவிட லேசான நாற்காலி ஒன்று பார்த்து வை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதருக்கும் சிஸ்டர் மோனிக்காவுக்கும் எங்கள் அன்பு.

உன்,
செல்வி அண்ணி